பக்கத்து வீட்டில் கொடுக்கப்பட்டது

பார்சலைப் போலத்தான் என்றார் டாக்டர் ரெஹானா.
முகவரி தெரிந்த ஒரு புரதம்,
அதன் முதுகில் மருந்து.
நோய் இருக்கும் வீட்டைத் தேடிப் போய்
உள்ளே நுழைந்த பிறகுதான் கட்டு அவிழும்.

நான் சிரித்துவிட்டேன்.
இருபத்திரண்டு வருஷமாகக் கிருஷ்ணகிரியில்
பார்சல் ஆபீஸ் ரசீது போடுகிறவளிடம்
பார்சலைப் பற்றிச் சொல்கிறார்.
எனக்குத் தெரியாதா, கட்டு எங்கெங்கே அவிழுமென்று.
ஓசூருக்கு ஏற்றிய கண்ணாடி வளையல்
சூளகிரி தாண்டும் முன்பே தூளாகியிருக்கிறது.
போச்சம்பள்ளி சேலை மூட்டை
பர்கூரில் நான்கு நாள் மழையில் கிடந்தது.
சணலை இறுக்கினால் அட்டை கிழியும்,
தளர்த்தினால் வழியெல்லாம் கொட்டும்.

"ரத்தத்தில் அவிழவே கூடாது,
செல்லுக்குள் போனால் அவிழ்ந்தே ஆகணும்.
அந்தக் கயிறைச் செய்யத்தான்
இத்தனை காலம் ஆச்சு" என்றார்.

சிரிப்பை நிறுத்தினேன்.
கயிறு என்றால் எனக்குப் புரியும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால்
என் ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்றிருந்தது.
முகவரி இல்லை, இந்த ஜாதி மருந்து உனக்கில்லை.
சிவப்பு மருந்துதான் ஏற்றினார்கள்.
வழியில் இருந்த கதவையெல்லாம் உதைத்துக்கொண்டு போனது அது:
முடி, நகம், நாக்கு.
இப்போது ஈரலில் இரண்டு புள்ளி.
அதே பழைய கண்ணாடித் துண்டை அலமாரியிலிருந்து எடுத்து
மறுபடி பார்த்திருக்கிறார்கள்.
'லோ'.
அதே சதை, அதே சாயம்.
இல்லை என்ற சொல்லை மட்டும் அடித்து
கொஞ்சம் என்று எழுதியிருக்கிறார்கள்.

மை கரைந்த மூட்டைகளை
நஞ்சப்பன் மூலையில் தள்ளிவிடுவான், முகவரி இல்லை என்று.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்
பாதிப் பெயர், ஒரு தெரு தெரியும்.

ஓசூர் ஆஸ்பத்திரியில் பைக்குக் கறுப்பு உறை.
வெளிச்சம் ஆகாதாம். உப்பு நீரும் ஆகாது,
சர்க்கரை நீரில்தான் கலக்கணுமாம்.
நான் சர்க்கரைக்காரி.
நர்ஸ் மாதேஸ்வரி விரலைக் குத்திப் பார்த்து
பரவாயில்லை, படுங்க என்றாள்.
முதல் தடவை ஒன்றரை மணி நேரம்.
விலையை நான் கேட்கவில்லை.
வீட்டுக்காரர் கேட்டார்.
கேட்டுவிட்டு வராந்தாவுக்குப் போய்
தோப்பை முன்பு விலை கேட்டவனுக்கு ஃபோன் போட்டார்.

இன்னொன்றும் சொல்லியிருந்தார் டாக்டர்.
உள்ளே அவிழ்ந்த மருந்தில் கொஞ்சம்
சுவர் தாண்டி அடுத்த செல்லுக்கும் கசியும்,
முகவரியே இல்லாத செல்லுக்கு.
"நல்லதுதான். அங்கேயும் ஒளிந்திருக்கும்."
எங்கள் புத்தகத்தில் அதற்கு ஒரு வரி உண்டு:
கதவு பூட்டியிருந்தது, பக்கத்து வீட்டில் கொடுக்கப்பட்டது.
பாதிப் புகார் அந்த வரியில்தான் வரும்.

இருமல் வந்தால் அன்றைக்கே சொல்லணும், நுரையீரலில் வேலை காட்டிவிடும்.
மாங்கூழ் சீசன் வேறு. ஊர் முழுக்கப் புளித்த இனிப்பு வாடை,
குமட்டுகிறது, ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன்.
லாரி கிளம்பும் புகையில் இருமினால்
இது எந்த இருமல் என்று
நஞ்சப்பன் மூட்டையை இறக்காமலே நின்று பார்க்கிறான்.

இருபத்தொரு நாளுக்கு ஒரு தடவை.
மூன்று ஆகிவிட்டது.
பார்சல் என்றால்
வாங்கினவர் கையெழுத்து திரும்பி வரும்.
இதற்கு, பதினெட்டாம் தேதி ஸ்கேன்.

இன்றைக்கு மூலையிலிருந்து ஒரு மூட்டையை
விளக்கடிக்கு இழுத்து வைத்தேன்.
வேப்பனப்பள்ளி. 'மு'வில் தொடங்கும் பெயர்.
ஃபோன் நம்பரில் எட்டு எண் தெரிகிறது,
கடைசி இரண்டு இல்லை.
நூறு தடவை போட்டால் ஒன்று சரியாக இருக்கும்.
சாப்பாட்டு நேரத்துக்குள்
பதினேழு போட்டுவிட்டேன்.